இல்லத்தில் ஓர் உழவாரப்பணி

புரட்டாசி, ஐப்பசி ஆகிய இரு மாதங்களும் இந்துப் பெருமக்களின் இல்லங்களில் பணி மிகுந்த மாதங்களாகும். தமிழர் வகுத்த ஆறு பருவங்களுள் புரட்டாசி கார்காலத்தின் பிற்பாதி. ஐப்பசி கூதிர்காலத்தின் முற்பாதி. வடமொழி நூலோர் இக்காலத்தைச் சரத் ருது என்பர். அப்பருவத்தில் வருவதாலேயே அம்பிகைக்குரிய ஒன்பது இரவுகளும் சாரதா நவராத்திரி எனப் பெயர் பெற்றன. மேலை நாடுகளில் மரங்கள் பழுத்த இலைகளை உதிர்த்துத் தம்மை இலேசாக்கிக் கொள்ளும் காலமும் இதுவே.

மலேசியத் திருநாட்டில் இலையுதிர்காலம் என்ற ஒன்று இல்லை. எனினும் அக்டோபர் மாதம் இங்கே காற்றுத் திசை மாறும் காலம். பிற்பகலில் இடியும் மின்னலுமாக மழை பொழியும். நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கி மார்ச் வரை நீடிக்கும். கிழக்குக்கரை மாநிலங்களில் வெள்ளம் பெருகும். அடைமழை தொடங்குமுன் வீட்டைச் சீர்படுத்துவது அறிவுடைமை. அதனாலன்றோ மகாளயம், நவராத்திரி, தீபாவளி என அடுத்தடுத்து வரும் திருநாள்களுடன் வீட்டைத் துலக்கும் பணியையும் நம் முன்னோர் பிணைத்து வைத்தனர்!

அப்பரடிகள் காட்டிய வழி

சைவ உலகில் தூய்மைப் பணிக்குத் தனிச் சிறப்பு உண்டு. திருவதிகை வீரட்டானத்தில் திலகவதியார் நாள்தோறும் திருக்கோயிலை அலகிட்டு, மெழுகி, மாலை தொடுத்துத் தொண்டு செய்தார். அவர்தம் தம்பியாராகிய திருநாவுக்கரசர், கையில் உழவாரப்படை ஏந்தித் தலந்தோறும் சென்று திருவீதிகளிலும் திருமுற்றங்களிலும் புல் பூண்டுகளைச் செதுக்கித் தூய்மை செய்தார். பாடல் பாடிய நாவுக்கு இணையாக, மண் கொத்திய கரத்தையும் சைவர்கள் இன்றளவும் போற்றுகின்றனர். அப்பர் திருவுருவம் எங்கு அமைந்தாலும் அவர் தோளிலோ கையிலோ உழவாரப்படை இருப்பதைக் காணலாம்.

திருவிழாவுக்கு முன் ஆலயங்களில் அன்பர்கள் ஒன்றுகூடி உழவாரப்பணி செய்வது வழக்கம். தூண்களைக் கழுவுவர், விளக்குகளைத் துலக்குவர், ஒட்டடை அடிப்பர். அதே பணி இல்லத்துக்கும் உரியது. குப்பையும் கூளமும் சேர்ந்த வீட்டில் திருமகள் தங்காள், அவள் தமக்கையாகிய மூதேவியே குடிபுகுவாள் எனப் பாட்டிமார் கூறி வந்ததன் உட்பொருளும் இதுவே.

மகாளய பட்சத்தின் முதல் நாளிலிருந்து தீபாவளி வரை ஏறத்தாழ ஆறு வாரங்கள் உள்ளன. தீபாவளிக்கு இரண்டு நாளே இருக்கும்போது வீடு முழுவதையும் புரட்டிப் போட்டு, குடும்பத் தலைவி இடுப்பு நோவுடன் திருநாளை எதிர்கொள்வது பல இல்லங்களில் காணும் காட்சி. அவ்வாறு இன்றி, ஒவ்வொரு வழிபாட்டுக்கும் ஒரு பணி எனப் பிரித்துக்கொண்டால் சுமை குறையும். வழிபாட்டின் பொருளும் விளங்கும்.

மகாளயம்: மறைந்தோர் விட்டுச் சென்றவை

மகாளய அமாவாசையில் முடியும் தேய்பிறைப் பதினைந்து நாள்கள் முன்னோருக்கு உரியவை. எள்ளும் நீரும் இறைத்து அவர்களை நினைவுகூரும் இந்நாள்களில், அவர்கள் விட்டுச் சென்ற அலமாரியையும் இரும்புப் பெட்டியையும் திறந்து பார்த்தல் பொருத்தமாகும். தந்தையார் மறைந்து பத்தாண்டு ஆகியும் அவருடைய சட்டைகள் கொடியிலேயே தொங்கும் வீடுகள் உண்டு. அன்பினால் வைத்திருப்பதே எனினும், மட்கிப் போகும் துணியால் எவருக்கும் பயனில்லை. நினைவுக்கென ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு, உடுத்தத்தக்க ஏனையவற்றை மகாளய தானமாக வறியோர்க்கு அளித்தால் அது முன்னோருக்குச் செய்யும் சிறப்பாகவே அமையும்.

ஆனால் இங்கேதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பழைய பெட்டியின் அடியில் கிடக்கும் தாள்களைக் குப்பை என்று எண்ணி ஒரேயடியாக எறிந்துவிடலாகாது. தோட்டப்புறங்களில் பிறந்து வளர்ந்த பலருக்குப் பிறப்புப் பத்திரம் இன்றியும், சிவப்பு அடையாள அட்டையுடனும் காலம் கழிந்த வரலாறு இந்நாட்டு இந்தியர்க்கு உண்டு. தேசியப் பதிவு இலாகாவில் ஒருவர் தம் பிறப்பையோ குடியுரிமையையோ நிலைநாட்ட முற்படும்போது, பாட்டனாரின் பழைய அடையாள அட்டை நகல், தோட்ட நிர்வாகத்தின் கடிதம், பள்ளிச் சான்றிதழ், மருத்துவமனைச் சீட்டு போன்ற மங்கிய தாள்களே சான்றாக நிற்கின்றன. அத்தாள் எறியப்பட்டால் பேரப்பிள்ளையின் எதிர்காலத்துக்குரிய கதவு ஒன்று அடைபடக்கூடும்.

பிறப்பு, திருமணம், இறப்புச் சான்றிதழ்கள், நிலப்பட்டா, வீட்டு ஒப்பந்தம், ஊழியர் சேமநிதி அறிக்கை, சொக்சோ தாள்கள், காப்புறுதிப் பத்திரம், வங்கிக் கணக்குப் புத்தகம், கூட்டுறவுச் சங்கப் பங்குச் சான்றிதழ் ஆகியவற்றை ஒன்றுசேர்த்து, நீர் புகாத உறையில் இட்டு, வீட்டின் உயரமான இடத்தில் வைக்க வேண்டும். வெள்ளம் வரும் ஊர்களில் இது மிகவும் இன்றியமையாதது. கைப்பேசியில் படம் பிடித்து வைப்பதும் நன்று. அவ்வுறை எங்கே இருக்கிறது என்பதைக் குடும்பத்தில் இருவரேனும் அறிந்திருக்க வேண்டும்.

பழைய வங்கிப் புத்தகம் கிடைத்தால் அதனையும் புறக்கணிக்கலாகாது. ஏழாண்டுகளுக்குக் குறையாமல் இயங்காமல் கிடக்கும் வங்கிக் கணக்கிலுள்ள பணம், 1965ஆம் ஆண்டு உரிமை கோரப்படாத பணச் சட்டத்தின்கீழ் தலைமைக் கணக்காளர் இலாகாவிடம் ஒப்படைக்கப்படுகிறது. அப்பணம் அழிந்துவிடுவதில்லை. அவ்விலாகாவின் இ-குமிஸ் இணையச் சேவையில் அடையாள அட்டை எண்ணைக் கொண்டு தேடிப் பார்த்து, உரியவரோ அவர்தம் வாரிசோ கோரிப் பெறலாம். உயிருடன் இருப்போர் தம் சேமநிதிக்கு வாரிசு நியமனம் செய்துள்ளனரா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளவும் இதுவே தக்க காலம். நியமனம் இல்லையெனின், குடும்பத்தார் அப்பணத்தைப் பெற அலைய நேரிடும்.

நவராத்திரி: படிக்கட்டு கற்பிக்கும் பாடம்

மகாளய அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி தொடங்குகிறது. கொலு வைக்கும் வழக்கமுடைய குடும்பங்கள் ஆண்டுக்கு ஒரு முறை பொம்மைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து, ஒற்றைப்படை எண்ணில் அமைந்த படிகளில் முறையாக அடுக்குகின்றன. விழா முடிந்ததும் ஒவ்வொன்றையும் மெல்லிய பழந்துணியில் சுற்றி, பூச்சி அணுகாமல் மீண்டும் பெட்டியில் வைக்கின்றன. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், ஆண்டுக்கு ஒரு முறை சோதனை, உடைந்ததைச் செப்பனிடுதல் ஆகிய மூன்றும் கொலு கற்பிக்கும் பாடங்கள். கொலுவுக்குப் பொருந்துவது அலமாரிக்கும் பொருந்துமன்றோ?

சரஸ்வதி பூஜை நூல்களுக்கு உரிய நாள். பூஜையில் வைக்க இரண்டு புத்தகங்களை மட்டும் எடுத்துவிட்டு, ஏனையவற்றைக் கறையான் தின்னவிடுவது கலைமகளுக்கு உவப்பாகாது. அன்றைக்கு முன்னதாகவே பிள்ளைகளை அமர்த்தி, வீட்டிலுள்ள நூல்களை மூன்று வகையாகப் பிரிக்கச் சொல்லலாம். பள்ளியிலிருந்து இரவலாகப் பெற்ற பாடநூல்கள் முதல் வகை. அவை பள்ளிக்குத் திருப்பித் தர வேண்டியவை. கிழிந்த அட்டையை ஒட்டி, உறை மாற்றி வைக்க வேண்டும். வீட்டில் நிலையாக இருக்க வேண்டிய திருமுறை, திருக்குறள், அகராதி முதலியன இரண்டாம் வகை. படித்து முடித்த கதை நூல்களும் பயிற்சி நூல்களும் மூன்றாம் வகை. இவற்றைத் தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கோ ஆலயச் சமய வகுப்புக்கோ, அவர்களுக்குத் தேவையா என்று கேட்டறிந்த பின்னர் வழங்கலாம். எழுதி முடித்த குறிப்பேடுகளில் எஞ்சிய வெற்றுத் தாள்களைப் பிரித்துத் தைத்தால் மளிகைக் கணக்கு எழுத ஓராண்டுக்குப் போதும்.

ஆயுத பூஜை கருவிகளுக்கு உரிய நாள். பொட்டு வைக்குமுன் கருவியைப் பழுது பார்ப்பதே உண்மையான பூஜை. துருப்பிடித்த அரிவாள்மணையைத் தீட்டுதல், தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் இடுதல், விசிறியின் இறக்கைகளைத் துடைத்தல், மோட்டார் சைக்கிளின் சங்கிலியையும் தடுப்பானையும் சரிபார்த்தல் ஆகியன அந்நாளில் செய்யத்தக்கவை. மின்கம்பி வெடித்திருந்தால் அப்பொருளைப் பயன்பாட்டிலிருந்து விலக்க வேண்டும். ஒரே வீட்டில் மூன்று சுத்தியலும், தேடும்போது ஒன்றும் அகப்படாத நிலையும் இருப்பதுண்டு. கருவிகள் எல்லாம் ஒரு பெட்டிக்குள் வந்துவிட்டால் நான்காவது சுத்தியல் வாங்கும் செலவு மிஞ்சும்.

பூஜையறை: அரசமரத்தடியில் கைவிடலாகுமோ?

விஜயதசமி முடிந்து தீபாவளிக்கு ஏறத்தாழ இருபது நாள்கள் இருக்கும். இந்நாள்களில்தான் பலர் பூஜையறையைச் சீர்படுத்துகின்றனர். ஆலயங்களில் பெரும் மனவருத்தத்தைத் தரும் காட்சியும் அப்போதுதான் தோன்றுகிறது. கண்ணாடி உடைந்த சுவாமி படங்கள், மூக்கு சிதைந்த பிள்ளையார் சிலைகள், நிறம் மங்கிய நாள்காட்டிகள் ஆகியவற்றை அன்பர்கள் இரவோடு இரவாக ஆலயத்து அரசமரத்தடியில் வைத்துவிட்டுச் செல்கின்றனர். குப்பையில் போட மனம் வராத பக்தியே அதற்குக் காரணம். அப்பக்தி மதிக்கத்தக்கது. விளைவோ வேறு விதமாக இருக்கிறது.

மழையில் நனைந்து படத்தின் தாள் கிழிகிறது. சட்டத்துக்குள் நீர் தேங்கிக் கொசு முட்டையிடுகிறது. உடைந்த கண்ணாடித் துண்டுகள், வெறுங்காலுடன் மரத்தை வலம் வரும் பெண்டிரையும் குழந்தைகளையும் காயப்படுத்துகின்றன. இறுதியில் ஆலயத் தொண்டர்கள் அவற்றை வாரிக் கட்ட நேரிடுகிறது. அல்லது ஊராட்சி மன்றத் துப்புரவு வண்டியில் அவை ஏற்றப்படுகின்றன. ஐம்பதாண்டு காலம் பாட்டியார் கற்பூரம் காட்டிய படம் அவ்வாறு முடிவதை எவர்தாம் விரும்புவர்?

இதற்கு எளிய முறைகள் உள்ளன. படத்தைச் சட்டத்திலிருந்து கழற்ற வேண்டும். கண்ணாடி நன்றாக இருப்பின் அதே சட்டத்தில் புதிய படத்தை இடலாம், செலவும் மிஞ்சும். உடைந்த கண்ணாடியைப் பழைய செய்தித்தாளில் கனமாகச் சுற்றி, கண்ணாடி என்று எழுதித் தனியே அகற்ற வேண்டும். திருவுருவம் அச்சிட்ட தாளை ஒரு வாளி நீரில் மஞ்சள் தூவி ஊற வைத்தால், சாதாரணத் தாள் இரண்டொரு நாளில் கூழாகிவிடும். அக்கூழைக் கால்படாத இடத்தில், செடியின் வேரடியில் புதைக்கலாம். வணங்கிய உருவம் மண்ணோடு மண்ணாகக் கலப்பது மரபுக்கு இசைந்ததே. வழவழப்பான பிளாஸ்டிக் பூச்சுடைய படங்கள் நீரில் கரையமாட்டா. அவற்றை இனி வாங்காதிருப்பதே நன்று.

களிமண் சிலையும் நீரில் கரையும். பித்தளை, செம்புச் சிலைகளைக் கன்னாரிடமோ பாத்திரக் கடையிலோ கொடுத்து உருக்கி வேறு பொருளாக்கலாம். சாந்து, பிளாஸ்டிக் ஆகியவற்றால் ஆன உருவங்களை ஆற்றிலும் கடலிலும் எறிதல் நீரை மாசுபடுத்தும். அவற்றுக்கும், நெடுங்காலம் அபிடேகம் செய்து வழிபட்ட திருவுருவங்களுக்கும், ஆலயக் குருக்களிடம் நேரில் சென்று வழி கேட்டல் வேண்டும். அலுவலக நேரத்தில் வந்து ஒரு சொல் கேட்பதற்கு எவரும் தயங்க வேண்டியதில்லை.

படங்கள் குவிவதற்கு மூலகாரணத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் மளிகைக் கடையும் நகைக்கடையும் தரும் நாள்காட்டிகள், திருமண அழைப்பிதழ்கள், ஊதுவத்திப் பொட்டலங்கள், இதுபோன்ற திருவிழாச் சிறப்பிதழ்கள் ஆகிய அனைத்திலும் தெய்வத் திருவுருவம் இடம்பெறுகின்றது. சிறப்பிதழைப் படித்து முடித்ததும் படமுள்ள பக்கத்தைத் தனியே எடுத்து வைத்தால், அது மீன் மடிக்கும் தாளாகாது. அழைப்பிதழ் அச்சிடுவோர் உருவத்துக்குப் பதிலாகப் பிள்ளையார் சுழியோடு நிறுத்திக்கொள்வதும் சிறப்பே.

பூஜையறையில் இருக்க வேண்டியவை சிலவே. குலதெய்வம், இட்டதெய்வம், ஒரு காமாட்சி விளக்கு, மணி, தீர்த்தப் பாத்திரம், திருநீற்றுக் கிண்ணம் ஆகியவை போதும். நாற்பது படங்களுக்கு அவசரமாகப் பூ வைப்பதினும், நான்கு படங்களின் முன் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்வது மேல்.

அடுக்களை: புரட்டாசி விரதமும் சிக்கனமும்

புரட்டாசி மாதம் முழுவதும் புலால் நீக்கிச் சைவ உணவு உண்ணும் வழக்கம் இந்நாட்டுத் தமிழரிடையே பரவலாக உள்ளது. சனிக்கிழமைகளில் பெருமாள் ஆலயங்கள் நிரம்பி வழிகின்றன. மாதம் பிறக்குமுன் குளிர்பதனப் பெட்டியைக் காலி செய்து, சோடா உப்புக் கலந்த நீரால் துடைத்தல் பல வீடுகளில் நடைபெறும் பணி. அப்போதுதான் உறைபெட்டியின் மூலையில் மாதக்கணக்கில் கிடந்த பொட்டலங்கள் வெளிப்படும். எவை வீணாயின என்று அன்று குறித்து வைத்தால், மறுமுறை சந்தைக்குச் செல்லும்போது கை அடங்கும்.

மழைக்கு முன் பருப்பு, மிளகாய், மல்லி முதலியவற்றை வெயிலில் காயவைத்து, மாவு மில்லில் அரைத்து வைத்துக்கொள்வது பாட்டிமார் காட்டிய நெறி. அரிசியில் வேப்பிலையோ காய்ந்த மிளகாயோ இட்டு வைப்பர். புதிதாக வாங்கியதைப் பழையதன் மேல் கொட்டாமல், பழையது தீர்ந்து டப்பா கழுவிக் காய்ந்த பின்னரே நிரப்புவர். முதலில் வாங்கியது முதலில் செலவாக வேண்டும் என்ற ஒரே விதியைக் கடைப்பிடித்தால் வண்டு பிடித்துக் கொட்டும் பருப்பு பெரிதும் குறையும்.

பித்தளை விளக்குகளைத் துலக்கக் கடையில் விற்கும் இரசாயனம் தேவையில்லை. பலகாரத்துக்கும் குழம்புக்கும் கரைத்த புளியின் சக்கையே போதும். புளியிலுள்ள அமிலம் பித்தளையின் மேல் படிந்த கறையைக் கரைக்கின்றது. சிறிது உப்பும் சேர்த்துத் தேய்த்து, உடனே நன்கு கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும். புளி நெடுநேரம் ஊறினாலோ ஈரம் தங்கினாலோ மீண்டும் களிம்பு ஏறும். வெள்ளிப் பொருள்களைத் திருநீற்றால் மென்மையாகத் தேய்த்தல் வழிவழி வந்த முறை.

தீபாவளிப் பலகாரத்தில் ஏற்படும் வீண்செலவும் சிறிதன்று. ஒவ்வொரு வீட்டிலும் எட்டு வகைப் பலகாரம் செய்து, கார்த்திகை வரை டப்பாவில் கிடந்து எண்ணெய்ச் சிக்கு வாடை அடிப்பதுண்டு. அண்டை வீட்டுப் பெண்கள் நால்வர் கூடி, ஒருவர் முறுக்கு, ஒருவர் அச்சு முறுக்கு, ஒருவர் அதிரசம், ஒருவர் நெய்யுருண்டை எனச் செய்து பகிர்ந்துகொண்டால் உழைப்பும் எண்ணெயும் எரிவாயுவும் மிஞ்சும். தோட்டத்து லயங்களில் இவ்வாறே நடந்தது. ஒரே உரலில் இடித்த மாவு ஏழு வீட்டுக்குப் போயிற்று. எஞ்சிய எண்ணெயைக் கழுவு தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைபடும். ஆறியதும் வடிகட்டிப் புட்டியில் சேர்த்து, பயன்படுத்திய எண்ணெய் வாங்குவோரிடம் விற்றுவிடலாம்.

தானம் எது, குப்பை எது?

பழைய துணிகளை ஆலயத்துக்கும் அறநிலையங்களுக்கும் கொண்டுவந்து தருவோர் பலர். நல்லெண்ணமே எனினும் ஒரு வரையறை வேண்டும். தம் வீட்டார் உடுத்த நாணும் ஆடையைப் பிறர்க்குத் தருதல் தானமாகாது. குப்பையை இடம் மாற்றுவதேயாகும். துவைத்து, பொத்தான் தைத்து, மடித்துத் தர வேண்டும். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னதாகவே கொடுத்தால், பெறுவோர் திருநாளன்று உடுத்தலாம். மறுவாரம் கொடுத்தால் அப்பயன் இல்லை.

உடுத்த முடியாதவற்றுக்கும் வேலை உண்டு. நைந்த நூல் சேலை குழந்தையின் ஏணைக்கு மிக ஏற்றது, புதுத்துணியினும் மென்மையானது. பழைய வேட்டி பாயசத்துக்குத் தேங்காய்ப்பால் வடிகட்ட உதவும். துண்டுகள் கரித்துணியாகும். அதன்பின் எஞ்சுவதே குப்பை.

வீட்டிலுள்ள முதியோரைக் கேளாமல் அவர்தம் பொருளை அகற்றலாகாது. தோட்டம் துண்டாடப்பட்டோ வேறு பயிருக்கு மாறியோ லயத்தை விட்டுப் புறப்பட்டபோது, பலர் ஒரு பித்தளைக் குடமும் ஓர் அம்மிக்கல்லும் மட்டுமே கொண்டு வந்தனர். இன்று 650 சதுர அடி அடுக்குமாடி வீட்டில் அம்மிக்கு இடமில்லை என்பது மெய்தான். ஆயினும் அக்கல் வெறுங்கல்லன்று. அதனை என்ன செய்யலாம் என்று முதலில் அவரிடமே வினவ வேண்டும். அதன் வரலாற்றைச் சொல்லக் கேட்ட பேரன், தன் விளையாட்டுப் பெட்டியைச் சுருக்கி அதற்கு இடம் தரவும் கூடும்.

வாசலுக்கு வெளியே

வீட்டிலிருந்து நீக்கியதை நடைபாதையில் அடுக்குவதால் வீடு தூய்மையாகிவிடாது. அடுக்குமாடிகளின் படிக்கட்டிலும் தாழ்வாரத்திலும் பழைய மெத்தையும் அலமாரியும் கிடப்பின், தீ விபத்தின்போது உயிர் தப்பும் வழி அடைபடும். அகல் விளக்கும் மத்தாப்பும் மிகுந்த தீபாவளி நாளில் இவ்வச்சம் இரு மடங்காகிறது.

கோலாலம்பூர், புத்ராஜெயா, பகாங், ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், கெடா, பெர்லிஸ் ஆகிய இடங்களில் குப்பையை வீட்டிலேயே பிரிக்கும் முறை 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. வாரத்தில் இரு நாள் வீட்டுக் குப்பையும், ஒரு நாள் மறுபயனீட்டுப் பொருள்களும் பெரும்பொருள்களும் அள்ளப்படுகின்றன. தம் பகுதிக்குரிய நாளை அறிந்து வெளியே வைத்தல் வேண்டும். ஏனைய மாநிலங்களில் ஊராட்சி மன்றத்திடம் கேட்டறியலாம்.

ஏடிஸ் கொசுவையும் மறக்கலாகாது. தேங்கிய நல்ல நீரே அதன் பிறப்பிடம். முட்டை வளர்ந்து கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்களே போதும். முட்டைகள் நீரின்றியும் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு பல மாதம் உயிர்த்திருக்கும். எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பூச்சாடி, தீர்த்தச் செம்பு, துளசி மாடத்தின் தட்டு ஆகியவற்றை வாரந்தோறும் சோதிக்க வேண்டும். தீபாவளி இரவில் மதிலின்மேல் வைத்த அகல் விளக்குகளை மறுநாளே எடுத்துவிடாவிடின் மழைநீர் நிறைந்து அவையும் கொசுத் தொட்டிகளாகும்.

கடனில்லாத் தீபாவளி

வீட்டுக் குப்பையினும் கொடியது கடன் சுமை. வருவாய் வரும் வழி சிறிதாயினும், செலவு போகும் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்பது வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் உணர்த்தும் கருத்து. புத்தாடை, பலகாரம், பட்டாசு, புதிய நாற்காலி எனத் தகுதிக்கு மீறிச் செலவிட்டு, கார்த்திகையில் ஆலோங்கிடம் கையேந்தி, தை பிறக்குமுன் மிரட்டலுக்கு ஆளாகும் குடும்பங்கள் உண்டு. அண்டை அயலில் பிடிக்கப்படும் கூட்டுச் சீட்டும் பாதுகாப்பன்று; 1971ஆம் ஆண்டுச் சட்டம் மலேசியாவில் அதனைத் தடை செய்துள்ளது. பணம் ஏமாற்றப்பட்டால் கேட்கவும் வழியிராது.

அலமாரிகளைத் துலக்கி முடித்த பின்னரே தீபாவளிப் பட்டியல் எழுதுதல் நலம். இருப்பதை அறிந்த பின் வாங்க வேண்டியது பாதியாகக் குறையும். இவ்வாண்டு எவ்வளவு செலவாயிற்று என்பதைக் குறித்து வைத்து, அதனைப் பன்னிரண்டால் வகுத்து, அடுத்த மாதத்திலிருந்தே தனியே சேமித்து வரலாம். மாதம் 50 வெள்ளி சேமித்தால் அடுத்த தீபாவளிக்கு 600 வெள்ளி கையிலிருக்கும். கடன் வாங்க நேராது. வங்கிக் கடனில் ஏற்கெனவே சிக்கித் தவிப்போர், 2006ஆம் ஆண்டு பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே எனும் கடன் ஆலோசனை முகவையில் கட்டணமின்றி வழிகாட்டுதல் பெறலாம். வெட்கப்பட வேண்டியதில்லை.

சிறுசேமிப்பின் ஆற்றலுக்கு இந்நாட்டுத் தமிழரிடமே பெருஞ்சான்று உண்டு. வெள்ளையரின் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்து நின்ற காலத்தில், 1960ஆம் ஆண்டு துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டிய தொழிலாளர்கள் தம் சொற்ப ஊதியத்திலிருந்து மாதந்தோறும் சிறு தொகை செலுத்திப் பங்கு வாங்கினர். அவ்வாறு சேர்ந்த பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. அஞ்சறைப் பெட்டியில் மிச்சம் பிடித்த காசுக்கு அத்தகைய வலிமை இருந்தது.

திருநாளுக்குப் பின்

தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் கந்த சஷ்டி விரதம் தொடங்குகிறது. ஆறு நாள் நோன்பிருந்து சூரசம்ஹாரம் காண்கிறோம். அடுத்துத் திருக்கார்த்திகை வருகிறது. துலக்கிய விளக்குகளுக்கு மீண்டும் பணி உண்டு. ஆறு வாரம் உழைத்துப் பெற்ற ஒழுங்கை இவ்விரதங்கள் காத்துத் தரும். நாள்தோறும் மாலை விளக்கேற்றுமுன் கால் மணி நேரம், எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைத்தாலே போதும். அடுத்த புரட்டாசியில் பாதிப் பணி எஞ்சாது.

இப்பணி குடும்பத் தலைவி ஒருத்தியின் சுமையாக இருக்கலாகாது. உழவாரப்படை ஏந்தியவர் ஆடவரே என்பதை இல்லத்து ஆண்மக்கள் நினைவில் கொள்வார்களாக. தந்தை ஒட்டடை அடிக்க, மகன் விளக்கைத் துலக்க, மகள் நூல்களை அடுக்க, பாட்டியார் அருகிலிருந்து வழிகாட்ட, அன்னை சற்றே அமர்ந்திருக்கும் வீட்டில் திருமகள் விரும்பிக் குடிபுகுவாள். பக்தப் பெருமக்கள் அனைவரும் இத்திருவிழாக் காலத்தில் இல்லமும் உள்ளமும் தூய்மை பெற்று, கடனின்றி, நோயின்றி, எல்லா நலனும் எய்த எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.